பாய் போர்த்திய சக்களத்தி

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கும் வாய் இருந்தது. நெல் புலம்பும், பூசணி குறட்டை விடும், மூங்கில் ஊர்வம்பு பேசும். ஜப்பான் நாட்டு மலைச்சரிவு ஒன்றில், கோரோ என்பவனுடைய வீட்டு முற்றத்தில் ஒரு தேயிலைச் செடி நின்றது. அதற்குப் பேச்சும் அதிகம், தன்னைப் பற்றிய நினைப்பும் அதிகம்.

தேயிலை என்றதும் பாலும் சர்க்கரையும் போட்டு நாம் குடிக்கிற டீயை நினைத்துவிடக் கூடாது. அந்த ஊரில் பச்சை இலையை ஆவியில் அவித்து, கையால் உருட்டி, காயவைத்து, வெந்நீரில் போட்டுக் குடிப்பார்கள். அன்றைக்கு அது வேப்பங்கொழுந்து மாதிரி கசந்தது. எல்லாரும் மருந்து என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினார்கள். கோரோ மட்டும் சப்புக்கொட்டிக் குடித்தான். அவனுக்கு அந்தச் செடி என்றால் உயிர்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் கடற்கரையிலிருந்து இசோ வாழ்க்கைப்பட்டு வந்தாள்.

இசோ கடலில் மூழ்கிப் பாசி அறுக்கிறவள். பிறந்த வீட்டில் பொன்னும் கிடையாது, பட்டும் கிடையாது. சீதனமாக ஒரு கட்டு நாணல் பாய் கொடுத்தனுப்பினார்கள். அறுத்த பாசியைப் பரப்பிக் காயவைக்கிற பாய்கள் அவை. எத்தனை கழுவினாலும் அவற்றிலிருந்து கடல் வாசம் போகாது. மலையேறி வந்த அன்றைக்கே கோரோ மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"இந்த நாத்தத்தை வீட்டுக்குள்ள கொண்டு வராத இசோ. மாட்டுக்கொட்டில்ல போட்டு வை," என்றான்.

பாயைத்தான் சொன்னான். ஆனால் அதே வாசம் அவள் கூந்தலிலும் இருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து அரிசி கழுவின தண்ணீரில் தலையை அலசி அலசி, அந்த வாசம் முழுக்கப் போகும்வரை ஓயவில்லை. போன பிறகும் அவன் அவள் பக்கம் குனிந்து முகர்ந்து பார்க்கவில்லை. அவன் முகர்ந்ததெல்லாம் செடியைத்தான்.

கோரோ கெட்டவன் இல்லை. அதுதான் தொந்தரவு. கெட்டவன் என்றால் நாலு பேரிடம் சொல்லியாவது அழலாம். இவனைப் பற்றி என்னவென்று சொல்லி அழுவது? என் புருஷன் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறான் என்றா?

விடிந்ததும் எழுந்து போய் செடிக்குப் பக்கத்தில்தான் நிற்பான். "ராத்திரி ரொம்பக் குளிர் அடிச்சுதா கண்ணு?" என்று கேட்பான். அடுப்பு ஊதிக்கொண்டே இசோ அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கும்தான் குளிர் அடித்தது. ஒருமுறை அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது அவன் ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நெற்றியைத் தொட்டுப் பார்க்கப் போகிறான் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"புதுசா துளிர் விட்டிருக்கு இசோ. எழுந்து வந்து பாரேன்," என்றான் கோரோ.

அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சலைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகமாக இருந்தது.

போதாக்குறைக்கு அந்தச் செடி அவளைத் தங்கச்சி என்று வேறு கூப்பிட்டது. முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த இசோ ஒரு நாள் விளக்குமாறும் கையுமாக நிமிர்ந்தாள்.

"யாருக்கு யார் தங்கச்சி?"

"கோவிச்சுக்காத," என்றது செடி. "இந்த வீட்டுக்கு முன்னால வந்தவ நான், பின்னால வந்தவ நீ. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"நான் அவருக்குப் பொண்டாட்டி. நீ செடி."

"யார் இல்லேன்னா? ஆனா அவர் நாள் முழுக்க எங்க நிக்கிறார்னு நீயே பாரு."

சக்களத்தி என்ற வார்த்தை இசோவின் தொண்டைவரை வந்தது. ஒரு செடியைப் பார்த்து அப்படிச் சொல்வதற்கு வெட்கமாக இருந்ததால் விழுங்கிக்கொண்டாள். விழுங்கியது உள்ளே போய் இன்னும் எரிந்தது.

செடி அதோடு விட்டிருக்கலாம். தற்பெருமை பேசுகிறவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. "இந்தப் பளபளப்பெல்லாம் சும்மா வந்துச்சா? வெயில் குடுத்தது. கொஞ்ச நாள் வெயில் படலேன்னா போதும், சோகை பிடிச்ச மாதிரி வெளுத்துடுவேன். அப்புறம் அவரே என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டாரு," என்றது.

இசோ அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டு பெருக்கி முடித்தாள்.

வசந்தம் வந்தது. இலை பறிக்கும் பருவம் நெருங்கிய நேரத்தில், மலைக்கு அந்தப்புறம் இருந்த கோரோவின் அண்ணன் வீட்டுக் கூரை காற்றில் சரிந்துவிட்டதாகச் சேதி வந்தது. கூரை வேய்ந்து கொடுக்கக் கோரோ கிளம்பினான். முற்றத்தில் நின்று செடியிடம் சொல்லிக்கொண்டான், சொல்லிக்கொண்டான், சொல்லிக்கொண்டே இருந்தான். சரிவில் கொஞ்ச தூரம் போனவன் திரும்பிப் பார்த்தான். தன்னைத்தான் பார்க்கிறான் என்று இசோ கையைத் தூக்கினாள்.

"செடியைப் பார்த்துக்கோ," என்று கத்திவிட்டுப் போனான்.

தூக்கிய கையை அவள் கீழே போட்டாள். நேரே கொட்டிலுக்குப் போய் நாணல் பாய்க் கட்டைத் தூக்கி வந்தாள். செடியைச் சுற்றிக் கம்பு நட்டு, மேலே பாய் பரப்பி, நாலு பக்கமும் பாய் தொங்கவிட்டு இறுக்கிக் கட்டினாள்.

"தங்கச்சி, இருட்டா இருக்கே," என்றது செடி உள்ளிருந்து.

"மழை வரப்போகுது."

"மழை வாசனையே இல்லையே. இது என்ன, ஒரு மாதிரி நாத்தம்?"

"எங்க வீட்டு வாசம். பழகிக்கோ," என்றாள் இசோ.

அப்போதே அவள் ஒரு முடிவும் செய்துவிட்டாள். கோரோ திரும்பி வந்து, வெளுத்த செடியை விட்டுவிட்டுத் தன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டால் இங்கே இருப்பது. செடியைக் கட்டிக்கொண்டு அழுதால் கடற்கரைக்கே போய்விடுவது. துணிகளை எடுத்து மூட்டையும் கட்டி வைத்துவிட்டாள்.

செடி முதலில் கெஞ்சியது. பிறகு பேரம் பேசியது.

"உனக்கு என்னதான் வேணும்? சொல்லு."

"என் புருஷன் வேணும்."

"நானா அவரைப் பிடிச்சு வெச்சிருக்கேன்? எழுந்து அவர் பின்னாடி போக எனக்குக் காலா இருக்கு? அவராத்தானே வர்றாரு."

அது உண்மை என்பதால் இசோவுக்கு ஆத்திரம் இரட்டிப்பானது. தளர்ந்திருந்த முடிச்சை எல்லாம் இழுத்து இறுக்கினாள்.

அதற்குப் பிறகு செடி பேசவில்லை. அந்த வீட்டில் இசோவோடு பேச இருந்த ஒரே வாய் அதுதான். கோரோ இருந்த நாட்களிலும் அதுதான் என்பதை அவள் இப்போதுதான் உணர்ந்தாள். வீடு வெறிச்சென்று கிடந்தது. ஒரு மத்தியானம் தாங்க முடியாமல் பாய்க்கு அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"இந்த இருட்டுக்கே வாயடைச்சுப் போச்சா?" என்றாள் குத்தலாக. "எங்க கடலுக்கு அடியில வந்து பாரு. வெயில் சொட்டுச் சொட்டாத்தான் இறங்கும். எங்க ஊர்ப் பாசி உன்னை மாதிரியா மூக்கால அழுதுக்கிட்டு இருக்கு?"

உள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "பின்னே எப்படிப் பிழைக்குது?"

பிறந்த ஊரைப் பற்றி யாராவது கேட்டு எத்தனை காலமாயிற்று. இசோ தன் கோபத்தையும் மறந்து பெருமை பேச ஆரம்பித்தாள். "வர்ற கொஞ்ச வெளிச்சத்தையும் விடாது. இலையை அகலமா விரிச்சுக்கும், மெல்லிசாக்கிக்கும். கிடைச்சதை எல்லாம் உள்ளேயே சேர்த்து வெச்சுக்கும். அதனாலதான் அது அப்படிக் கறுகறுன்னு பச்சையா இருக்கு. வாசமும் அப்படித்தான், எவ்வளவு தூரம் கொண்டுபோனாலும் விட்டுப் போகாது."

தினமும் வந்து உட்கார்ந்து சொன்னாள். கடலின் கதை முழுவதையும் சொல்லித் தீர்த்தாள். செடி ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டது. சக்களத்தியின் கையில் பிழைக்கும் வழியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

கோரோ திரும்பி வந்தான். பாயைக் கண்டதும் பதறிப்போய் முடிச்சை அவிழ்க்காமல் பிய்த்து எறிந்தான். இசோ மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

செடி வெளுக்கவில்லை. இலைகள் அகன்று, மெலிந்து, பட்டுப் போல மிருதுவாக, இதுவரை யாரும் பார்த்திராத ஆழ்ந்த பச்சையில் நின்றன. கோரோ ஒவ்வொரு இலையாகத் தடவித் தடவிப் பார்த்தான். கெடுக்க நினைத்துச் செய்தது சிங்காரமாய் முடிந்திருந்தது. பொறாமையில் அவளுக்குக் கண்ணே இருண்டது.

அவன் அன்றே இலை பறித்தான். அவித்தான், உருட்டினான், காயவைத்தான். இசோ இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. எல்லாம் முடிந்ததும் அவன் உள்ளே வந்து, "கொஞ்சம் வெந்நீர் வை," என்றான். இதுதான் கடைசி என்று நினைத்து வைத்தாள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. இறக்கி வைத்துவிட்டு, மூட்டையை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"மூடி வெச்சா இவ்வளவு நல்லதுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான் கோரோ.

எங்க ஊர்ல கத்துக்கிட்டது என்று சொல்லிப் பேர் வாங்கிக்கொண்டிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"நல்லதுக்கு மூடலே. சாகட்டும்னு மூடினேன்."

கோரோவின் சிரிப்பு போய்விட்டது. "ஏன்?" என்றான்.

அந்த ஒரு கேள்விக்கு அவள் இத்தனை நாளாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டினாள். குளிரைச் சொன்னாள், காய்ச்சலைச் சொன்னாள், தூக்கிய கையைச் சொன்னாள். "அது உயிரோட இருக்கிறவரைக்கும் என் பக்கம் திரும்ப மாட்டீங்க. அதான்," என்றாள். கோரோ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டான். கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று தேயிலையில் தண்ணீரை ஊற்றினான். அதற்குள் தண்ணீர் ஆறி, வெதுவெதுப்பாகிவிட்டிருந்தது.

ஒரு வாய் குடித்தான். கசக்கவில்லை. இனிப்பு நாக்கில் கெட்டியாகப் படர்ந்தது. கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டான்.

"என்ன மணம் இது இசோ?"

அவள் கிண்ணத்தை வாங்கி முகர்ந்தாள். கடல். அவள் வீட்டுப் பாசி.

"நீங்க கொட்டில்ல போடச் சொன்னது," என்றாள். "என்மேல இருந்தப்போ நாத்தம். அவமேல ஏறினதும் மணமாயிடுச்சா?"

கோரோ காது மடல் சிவக்க உட்கார்ந்திருந்தான். பிறகு மெல்லக் குனிந்து அவள் கூந்தலை முகர்ந்தான். அரிசித் தண்ணீர் வாசம்தான் வந்தது.

"உன்கிட்ட இருந்தது எங்க போச்சு?"

"கழுவிட்டேன். உங்களுக்காகத்தான்."

கோரோவின் கண் கலங்கிவிட்டது. அவள் மடியிலிருந்த மூட்டையைப் பிடித்துக்கொண்டான். "போகாத இசோ."

"டீக்காகச் சொல்றீங்களா, எனக்காகச் சொல்றீங்களா?"

அவன் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன். "இப்போ ரெண்டும் ஒண்ணாக் கலந்துபோச்சு. எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியல," என்றான்.

முற்றத்திலிருந்து செடி கூப்பிட்டது. "தங்கச்சி, உள்ள என்ன நடக்குது? சத்தத்தையே காணோமே?" கோரோவின் தலை தன்னாலே வாசல் பக்கம் திரும்பப் போயிற்று. இசோ அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"இருக்கேன். வருஷா வருஷம் என் பாயாலேயே மூடியும் விடறேன். ஆனா இந்த டீக்கு இனிமே கொதிக்கிற தண்ணி கிடையாது. ஆறணும். அது ஆறி முடியற வரைக்கும் நீங்க என் முகத்தைத்தான் பார்க்கணும். அவ பக்கம் திரும்பினீங்கன்னு வைங்க, பாயைச் சுருட்டிக்கிட்டுப் போயிடுவேன்."

சொல்லிவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே செடி இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது. பதில் சொல்வார் இல்லை. கோபித்துக்கொண்டு அது பேச்சை நிறுத்தியது, நிறுத்தியதுதான்.

அன்று முதல்தான் அந்தத் தேயிலையைப் பறிக்கும் முன் பாய் போட்டு வெயிலுக்கு மறைக்கிறார்கள். மலையில் விளைந்தும் அது கடலாய் மணக்கிறது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் செடியின் கோபம் கசப்பாக இறங்கிவிடும், ஆறவைத்துத்தான் ஊற்ற வேண்டும். ஆறும் வரை, எந்த வீட்டுக்காரனும் முற்றத்துப் பக்கம் திரும்பக் கூடாது.