முந்நூறு வருஷத்துத் தட்டு

ஆழித்துறையை ஆண்ட மழவராயருக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று, கப்பலில் எது வந்து இறங்கினாலும் அது தனக்கு வேண்டும். இன்னொன்று, எச்சில். பித்தளை, வெண்கலம் என்றால் புளி போட்டுத் தேய்த்து எடுத்துக்கொள்ளலாம். மண் பாத்திரத்தில் ஒருவர் வாய் வைத்துவிட்டால் உடைத்தே ஆகவேண்டும். அரண்மனைச் சட்டம். போன மாதம் விருந்துக்கு வந்த மாமனார் மோர் குடித்த மண்குவளையை, அவர் வாசற்படி தாண்டுவதற்குள் போட்டு உடைத்தார்கள். சத்தம் அவர் காதில் விழுந்தது. இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

இந்த அரண்மனையின் உக்கிராணச் சாவி வடிவம்மையிடம் இருந்தது. அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் அவள் பொறுப்பு. துறைமுகச் சத்திரத்தில் தினமும் இருநூறு பேருக்கு மதியச் சாப்பாடு போடுவதும் அவள்தான். அதற்கான நெல் தாமரைக்கேணி கிராமத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

அன்று காலை ராஜா கூப்பிட்டார் என்று சபைக்குப் போனாள். ராஜாவின் மடியில் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. அதில் நீலத்தில், மீசை வைத்த பாம்பு ஒன்று காலும் நகமுமாக நெளிந்துகொண்டிருந்தது. எதிரே பரீட்சகர் கோதண்டம். ரத்தினமோ தந்தமோ, அரண்மனை வாங்கும் எதற்கும் மதிப்புச் சொல்வது அவர் உத்தியோகம். விற்பவரும் பெரும்பாலும் அவரே.

"வடிவு, இதைப் பத்திரமாக உள்ளே வை. சீனச் சக்கரவர்த்தியின் தட்டு. இதற்குப் பதிலாகக் கோதண்டத்துக்குத் தாமரைக்கேணியை எழுதிக் கொடுக்கப்போகிறேன்."

"ஏரியோடா, மகாராஜா?"

"ஏரி இல்லாமல் கிராமத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?"

சத்திரத்தில் விரித்த இருநூறு இலையும் அவள் கண்முன் காலியாக வந்து போயின. தட்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தாள். நடுவில் கீறல்கள், வட்டம் வட்டமாக. கத்தி நேராகக் கீறும். வட்டமாகக் கீறுவது தேங்காய்நாரும் மணலும். இருபத்தைந்து வருஷமாகப் பாத்திரம் தேய்ப்பவர்களை விரட்டி வேலை வாங்குகிறவளுக்கு அது தெரியாதா?

வாயைத் திறப்பதற்குள் ராஜா முந்திக்கொண்டார். "போலி கீலி என்று ஆரம்பிக்காதே. உனக்குத் தெரிந்தது அண்டா குண்டா. கோதண்டம் பேச்சை மறுப்பதாக இருந்தால் சாவியை வைத்துவிட்டுப் போ."

"நான் எதற்கு மறுக்கிறேன்? அவர் சொல்வதை அப்படியே நம்புகிறேன். உக்கிராண ஏட்டில் எழுத நாலு விவரம் மட்டும் வேண்டும்."

"கேள்."

"பரீட்சகரே, இது கண்ணாடியா, உலோகமா?"

கோதண்டம் பரிதாபப்பட்டுச் சிரித்தார். "மண், அம்மணி. வெள்ளை மண். விவரம் தெரியாதவர்கள்தான் கண்ணாடி என்பார்கள். நீலத்தைத் தீட்டி, அதன்மேல் மெருகு பூசிச் சுட்டது. எத்தனை கழுவினாலும் நீலம் போகாது."

"வயசு?"

"முந்நூறு. அடியைப் பாருங்கள், விளிம்பு தேய்ந்திருக்கிறது. ஆறு சீன எழுத்து இருக்கிறதே, அது சக்கரவர்த்தியின் பெயர். பாம்புக்கு ஐந்து நகம். அது சக்கரவர்த்திக்கு மட்டும்தான். எல்லாவற்றுக்கும் மேலே, நடுவில் இருக்கும் இந்தக் கீறல். புதுத் தட்டில் இது வருமா? நாற்பது வருஷம் அவர் இதில் கறியைக் கத்தியால் அறுத்துச் சாப்பிட்ட தடம்."

"தினமுமா?"

"ஒரு நாள் விடாமல்."

"என்ன கறி?"

கோதண்டத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. "வாத்து, பன்றி. விசேஷ நாட்களில் பாம்பு."

ராஜா குனிந்து தன் மடியைப் பார்த்துக்கொண்டார்.

வடிவம்மை முந்தானையை இடுப்பில் செருகினாள். தட்டை இரண்டு விரல் நுனியில் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

"எங்கே போகிறீர்கள்?" என்றார் கோதண்டம்.

"உடைக்க."

"ஏன்?"

"மண் பாத்திரம். நாற்பது வருஷத்து எச்சில். நீங்கள்தானே சொன்னீர்கள்? மகாராஜாவின் மாமனாருக்கே இங்கே சலுகை கிடையாது."

கோதண்டம் ராஜாவைப் பார்த்தார். ராஜா அங்கவஸ்திரத்தால் மடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் கருங்கல் படி. அதற்கு மேலே தட்டு உயர்ந்தது.

"நில்லுங்கள். இதில் யாரும் சாப்பிடவில்லை."

"சக்கரவர்த்தி?"

"அவர் பார்த்தார். பார்த்ததோடு சரி."

"பன்றி?"

"இல்லை."

"பாம்பு?"

"சத்தியமாக இல்லை அம்மணி. ஒரு பருக்கைகூடப் பட்டதில்லை. புத்தம் புதுசு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

"புதுசா?" என்றார் ராஜா. "அப்படியானால் அந்தக் கீறல்?"

கோதண்டம் தட்டைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். தட்டு இன்னும் படிக்கு மேலேதான் இருந்தது. "என் வீட்டுக்காரி தேய்த்தாள்," என்றார். "மணல் போட்டு. மூன்று நாள்."

"நினைத்தேன். கை நன்றாக ஓடியிருக்கிறது," என்றாள் வடிவம்மை. "உங்கள் வீட்டம்மாவை உக்கிராணத்துக்கு அனுப்பிவையுங்கள். எனக்கு ஆள் போதவில்லை."

ராஜாவின் முகம் சிவந்துவிட்டது. "இப்போது இதன் மதிப்பு என்ன?"

"கப்பல்காரர்கள் ஒரு ஜாடி மாங்காய் ஊறுகாய்க்கு இரண்டு கொடுப்பார்கள். நல்ல ஊறுகாய் என்றால் மூன்று," என்றாள் வடிவம்மை.

"இவரை என்ன செய்யலாம்?"

"ஒன்றும் செய்யவேண்டாம், மகாராஜா. கொடுத்த வாக்கு வாக்குதான். முந்நூறு வருஷத்துத் தட்டுக்கு ஒரு கிராமம். இவர் தினமும் சத்திரத்துக்கு வந்து இதில் சாப்பிடட்டும். முந்நூறு வருஷம் ஆனதும் கொண்டுவரட்டும். அன்றைக்கே தாமரைக்கேணியை எழுதிக் கொடுத்துவிடலாம். ஏரியோடு."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் ஒரு பக்கமாகச் சரிந்தது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

வடிவம்மை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதற்கு மதிப்புச் சொன்னது யார், மகாராஜா?"

ராஜாவின் சிரிப்பு நின்றது. கோதண்டம் தரையைப் பார்த்தார்.

மாலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் சத்திரத்துக்குக் கிளம்பினாள். உலை வைக்க நேரமாகிவிட்டது. அன்று மதியம் அங்கே இருநூறு இலை, ஒரு தட்டு. தட்டுக்கு அவளே பரிமாறினாள்.

"முதல் நாள் ஆயிற்று, பரீட்சகரே," என்றாள். "ரசம் விடட்டுமா?"