ஓரிரு இடங்களில் மழை

ஒரு காட்டுல ரேடியோ இல்லாத குறையை ஒரு மைனா தீர்த்து வச்சுக்கிட்டு இருந்துச்சு, பசங்களா.

காட்டுக்கு வெளிய, ரோட்டோரம் ஒரு டீக்கடை. தினமும் காலையில மைனா அந்தக் கூரையில போய் உக்காரும். கடை ரேடியோ என்ன சொல்லுதோ, அதைக் கரகரப்போட சேர்த்துத் தொண்டையில வாங்கிக்கும். நேரா வந்து காட்டு நடுவுல இருக்குற புங்கமரத்துல உக்காந்து அப்படியே இறக்கி வைக்கும்.

ஐப்பசி பொறந்து நாலஞ்சு நாள் இருக்கும். ஒரு காலையில அது வாசிச்சுச்சு:

"கொர்ர்ர்... வானிலை அறிக்கை. வடக்கிலிருந்து குளிர்ந்த காற்று வீசத் தொடங்கியுள்ளது. நாளை ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய கனமழை பெய்யக்கூடும். கொர்ர்ர்... மாஸ்டர், ரெண்டு டீ, ஒண்ணு சக்கரை கம்மி."

மரத்தடியில கேட்டுக்கிட்டு நின்ன கூட்டத்துல முள்ளம்பன்றியும் இருந்துச்சு. முதுகு பூரா ஆயுதம், நெஞ்சு பூரா பயம், அதுதான் முள்ளம்பன்றி. பயப்பட இன்னைக்கு நிஜமாவே காரணம் இருந்துச்சு. அதோட வளை ஓடைக்கரைச் சரிவுல. உள்ள ரெண்டு குட்டிங்க, பொறந்து பத்து நாள்தான் ஆகுது. ஓடையில தண்ணி ஏறுனா முதல்ல முழுகுறது அந்த வளைதான்.

"ஓரிரு இடம்னா எந்த இடம்?"னு பக்கத்துல நின்ன முயலைக் கேட்டுச்சு.

"நம்ம இடமா இருக்காதுக்கா. இம்மாம் பெரிய காட்டுல நம்மளையா தேடிக்கிட்டு வரும்?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். நீயும் அப்படியே நினைக்கற. அந்தா நிக்குற கீரியும் அதேதான் நினைக்குது, மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது. அப்புறம் யார் வீட்லதான் பெய்யும்?"

முயல் காதைச் சொறிஞ்சுக்கிச்சு. பின்னாடி இருந்து ஒரு கனைப்பு. நரி.

"அதை எங்கிட்ட விடுங்க. மைனா நம்ம பையன். நான் ஒரு வார்த்தை சொன்னா போதும், அந்த ஓரிரு இடத்துல இருந்து உங்க இடத்தை எடுத்துருவான். நீங்களும் கொஞ்சம் பார்த்து செய்யுங்க."

அவ்வளவுதான். முயல் ஓடிப்போய் ஒரு சீத்தாப்பழம் கொண்டாந்துச்சு. கீரி ரெண்டு நண்டு. நரி எல்லாத்தையும் வயித்துக்குள்ள பத்திரமா வச்சுட்டு, மைனாகிட்ட போய் மூணு தடவை மெதுவா சொல்லிக் கொடுத்துச்சு. மைனாவுக்கு ஒரு குணம், கடைசியா காதுல விழுந்ததுதான் வாயில நிக்கும். உச்சி வெயில்ல அறிக்கை மாறிப்போச்சு.

"கொர்ர்ர்... முயலின் புதர் நீங்கலாக, கீரியின் புற்று நீங்கலாக, மேன்மைமிகு நரியாரின் குகையும் அதன் சுற்றுவட்டாரமும் நீங்கலாக, ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்."

முள்ளம்பன்றி வளைக்கு ஓடுச்சு. சேர்த்து வச்ச கிழங்கெல்லாம் தீர்ந்துபோய் ஒண்ணே ஒண்ணுதான் கிடந்துச்சு. அதைத் தூக்கிக்கிட்டு நரி முன்னால போய் நின்னுச்சு.

நரி கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச்சு. "என்னம்மா, யாரோ கடிச்சு வச்ச மாதிரி இருக்கு?"

"சின்னவன்தாண்ணே. பல்லு முளைக்குது, எதைக் கண்டாலும் கடிக்கிறான். நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

"நான் எடுத்துக்க மாட்டேன். ஆனா யோசிச்சுப் பாரு. எல்லாரையும் நீக்கிட்டா மழை எங்கதான் பெய்யும்? ரேடியோவுல சொன்னதுக்கு ஒரு மரியாதை வேணாமா?" கிழங்கைக் கடிச்சுக்கிட்டே சொல்லுச்சு: "இதை மனுவுக்குன்னு வச்சுக்கறேன். சிபாரிசுக்குத் தனியா கொண்டா."

தனியா கொண்டுவர ஒண்ணும் இல்ல. கொஞ்ச நேரத்துல மைனா மறுபடியும் வாசிச்சுச்சு.

"கொர்ர்ர்... முள்ளம்பன்றியின் வளை ஆகிய ஒரே ஓர் இடத்தில் மட்டும் மிகக் கனமழை பெய்யும். மற்ற அனைத்து இடங்களிலும் வறண்ட வானிலையே நிலவும்."

முயலும் கீரியும் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து நின்னுச்சுங்க.

"மொத்த மழையும் உன் தலையில எழுதியிருக்குக்கா"ன்னுச்சு முயல்.

"குட்டிங்களுக்கு ஈரம் ஆகாது. அப்பப்போ துடைச்சு விடு"ன்னுச்சு கீரி.

முள்ளம்பன்றி வளைக்குள்ள போய் உக்காந்து அழுதுச்சு. குட்டிங்க ரெண்டும் மூக்கைத் தூக்கிப் பார்த்துச்சுங்க. இங்கேயே இருந்து அழுதா வளையில தண்ணி இன்னும் கொஞ்சம் சீக்கிரமா ஏறும்னு அப்பதான் அதுக்குத் தோணுச்சு. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, குட்டிங்களை ஒவ்வொண்ணா கவ்விக்கிட்டுப் போய் மேட்டுல விட்டுட்டு, தோண்ட ஆரம்பிச்சுச்சு.

வேரு வந்துச்சு, கடிச்சுச்சு. கல்லு வந்துச்சு, உருட்டித் தள்ளுச்சு. காத்து வடக்குல இருந்து வருதுன்னு மைனா சொன்னது ஞாபகம் இருந்ததால வாசலைத் தெக்கால வச்சுச்சு. பயந்துக்கிட்டே தோண்டுன வளை, அதனால எங்க நிறுத்துறதுன்னு தெரியல. அது பாட்டுக்குப் பெருசாயிக்கிட்டே போச்சு.

"குடும்பம் மூணு பேரு. இம்மாம் பெரிய வீடு எதுக்குக்கா?"ன்னு முயல் கேட்டுச்சு.

"ஒரு காட்டு மழையை நான் ஒருத்தியா வாங்கணும்னு சொல்லிட்டாங்க. சின்ன வீடு தாங்குமா?"

மறுநாள் விடியும்போதே வாடைக்காத்து வந்துருச்சு. ஊசி மாதிரி குளிர். முயலுக்கு ரெண்டு காதும் முதுகோட ஒட்டிக்கிச்சு. ஆனா அது புதரை விட்டு அசையல, அதான் நீங்கலாகன்னு சொல்லியாச்சே. கீரியும் அசையல. நரி குகையில காலை நீட்டிப் படுத்திருந்துச்சு. மைனாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே நரிதான். இருந்தாலும் மைனா வாயால, அதுவும் கரகரப்போட கேட்டதுல, நரிக்கே நம்பிக்கை வந்துருச்சு.

மத்தியானம் வானம் கறுத்துச்சு. முதல் இடி முள்ளம்பன்றி வளைக்கு மேல விழுந்துச்சு. ரெண்டாவது முயல் புதருக்கு மேல. அப்புறம் மழை பிடிச்சுச்சு பாருங்க, ஒரு இடம் பாக்கி இல்ல.

முள்ளம்பன்றி மேட்டு வாசல்ல இருந்து எட்டிப் பார்த்துச்சு. ஓடைக்கரைச் சரிவையே காணோம், செம்மண் தண்ணி சுழிச்சுக்கிட்டுப் போகுது. பழைய வளை இருந்த இடத்துல ஒரு நுரைதான் சுத்திக்கிட்டு இருந்துச்சு. பின்னாடி திரும்பிப் பார்த்துச்சு. குட்டிங்க ரெண்டும் காய்ஞ்ச இலையில சுருண்டு தூங்குதுங்க. அப்பதான் அதுக்கு மூச்சே வந்துச்சு.

முயல் சொட்டச் சொட்ட ஓடி வந்துச்சு. "அக்கா, எங்க வீட்லயும் பெய்யுதுக்கா."

"இருக்காதே. நல்லா பார்த்தியா?"

"புதரே மிதக்குதுக்கா."

"சரி, உள்ள வா. எம் முதுகுப் பக்கம் மட்டும் உக்காராத."

பின்னாலயே கீரி. கடைசியா நரி, வாலைப் பிழிஞ்சுக்கிட்டே வந்துச்சு. அதோட தலையில மைனா.

"தங்கச்சி, கொஞ்சம் நகர்ந்துக்கம்மா."

"வாங்கண்ணே. உங்களுக்குன்னு என் முதுகுப் பக்கம்தான் இடம் காலியா இருக்கு."

வெளிய மழை, உள்ள முள்ளு. நரி உடம்பைக் குறுக்கி, மூச்சை அளந்து விட்டுக்கிட்டு உக்காந்துச்சு. மெதுவா மைனாவை ஏறிட்டுப் பார்த்துச்சு.

"டேய், நரி குகை நீங்கலாகன்னுதானே சொல்லிக் கொடுத்தேன்?"

"அப்படியேதாண்ணே வாசிச்சேன். வாசிக்கிறதுதான் நானு. பெய்யுறது வேற ஆளு."

நரி ஒரு பெருமூச்சு விடப் பார்த்துச்சு. பாதியிலேயே முள்ளு குத்துச்சு. மீதி மூச்சை அப்படியே உள்ள இழுத்துக்கிச்சு.

நீதி: மழைச் சேதியைத் திருத்தி வச்சதால நனையாம தப்பிச்சவங்க யாரும் இல்ல.