நாமும் அவர்களும்

பொன்னுரங்கம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞானம் தேடி உண்ணாமுலை அம்மையின் மடத்துக்கு வந்தார். குருவான அம்மையை விட வயதில் மூத்த சீடர். அன்று மத்தியானம் கைதட்டித் தட்டி உள்ளங்கை சிவக்க மடத்துக்குத் திரும்பினார். முகத்தில் மட்டும் தெளிவில்லை.

ஊர் மைதானத்தில் ஒரு தலைவர் பேசியிருக்கிறார். நம்மை யாரும் மதிப்பதில்லை, நமக்காகப் பேச நாதியில்லை, அவர்கள் நம் வயிற்றில் அடிக்கிறார்கள், இனி நம் எல்லோருக்கும் வாய் நான்தான் என்றாராம். தட்டல் அடங்கியதும், ஏரிக்கரைச் செங்கல் சூளைக்காரர்களைக் காலி செய்ய நாளைக் காலை ஊர்க்கூட்டத்தில் கை தூக்குங்கள் என்று முடித்தாராம். மடத்தின் சார்பில் தூக்கவேண்டிய கை பொன்னுரங்கத்தினுடையது.

"அவர் பேசினது அத்தனையும் என் மனசுல கிடந்தது அம்மா. ஆனா சூளைக்காரங்க என்னை ஒண்ணும் பண்ணலையே. குழப்பமா இருக்கு."

"அதே பேச்சைச் சூளையில போய்ப் பேசிட்டு வாங்க," என்றார் அம்மை. "காலி பண்ணச் சொன்னதை மட்டும் விட்டுடுங்க."

உதை வாங்கித்தான் திரும்பப் போகிறோம் என்று புலம்பிக்கொண்டே போனார் மனிதர். வேலை முடிந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தவர்கள் முன்னால் நின்றார். பஸ்ஸில் கத்திப் பழகிய தொண்டை கைகொடுத்தது. 'நம்மை' என்று ஆரம்பிக்கும்போது நாக்கு கூசியது. 'நம் வயிற்றில்' என்ற இடம் வந்தபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது.

சூளையே கைதட்டியது. மண் மிதிக்கும் பெண் ஒருத்தி அழுதாள். எங்களுக்காகப் பேச இப்போதாவது ஒரு ஆள் வந்தீர்களே என்று டீ வாங்கிக் கொடுத்தாள். அந்த டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டுக் கிளம்பினார். பயமாக இருந்தது.

திரும்பி வந்து அம்மை முன்னால் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அங்கயும் தட்டுறாங்க அம்மா. ஒரு எழுத்து மாத்தலை. மைதானத்துல 'அவங்க'ன்னா சூளைக்காரங்க. சூளையில 'அவங்க'ன்னா நம்ம ஊரு. அப்போ அந்த 'அவங்க' நிஜமா யாரு?"

"கூட்டத்துக்கு வராதவங்க," என்றார் அம்மை.

"அப்படின்னா?" என்றார் பொன்னுரங்கம்.

"நாளைக் காலைக் கூட்டத்துக்குச் சூளைக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்காங்களா?"

பொன்னுரங்கம் செருப்பை மாட்டிக்கொண்டு, சூளைக்காரர்களைக் கூட்டத்துக்கு வரச் சொல்ல மறுபடி ஏரிக்கரைப் பக்கம் நடந்தார்.