கடலோரக் கொட்டகை

ஃபைபர் படகு கட்டும் ரெஜினா மேஸ்திரியிடம் தொழில் கற்க வந்த இன்னாசிமுத்து, அன்று காலை துணிப்பையோடு வந்து நின்றான். நியாயம் கிடைத்தால் வேலை. இல்லையென்றால் ஊருக்குப் பஸ்.

மீன் ஏலத்தில் பெரிய வியாபாரிகளின் வாயையே அடைத்தவன். அவனைப் போய் மேஸ்திரி கடலோரக் கொட்டகைக்குத் தள்ளிவிட்டாள். கூடவே தொழில் கற்கும் சூசைக்கும் அவனுக்கும் கைகலப்பு. அடித்தது இரண்டு பேரும்தான். ஆனால் சூசை பட்டறைக்குள்ளே. இவன் மட்டும் மணல் காற்றில்.

பட்டறை வாசலில் நின்றே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான். வாங்கின உதையைவிட இந்த ஓரவஞ்சனைதான் வலிக்கிறது என்றான்.

“நான் என்ன குத்தம் பண்ணிட்டேன்னு ஒதுக்கி வச்சிருக்கிய?”

ரெஜினா கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் கொண்டுவரச் சொன்னாள்.

ரெசின் என்ற பிசின் இறுகிப் படகாக இந்த இரண்டு திரவமும் வேண்டும். கோபால்ட் பட்டறை அலமாரியில் இருக்கும். கேட்டலிஸ்ட்டுக்குப் பட்டறையின் பின்புறம் தனி அறை. அங்கே வெயிலும் படாது, இரும்பும் படாது. இரண்டையும் ஒரே நடையில் தூக்கி வருவதுகூட அங்கே வழக்கமில்லை. முனகிக்கொண்டே இரண்டு நடை நடந்தான்.

ரெஜினா காலி வாளியில் கோபால்ட்டை ஊற்றினாள். ரெசினைத் தொடவே இல்லை. அடுத்து கேட்டலிஸ்ட் மூடியில் கை வைத்தாள்.

இன்னாசிமுத்து பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

“உங்களுக்குக் கோட்டி பிடிச்சிட்டா? நேரா சேந்தா ரெண்டும் வெடிச்சிரும்.”

“ரெண்டும் ஒரே படகுக்குப் போறதுதானே.”

“அதுக்கு? கோபால்ட்டை மொதல்ல ரெசின்ல நல்லாக் கலக்கணும். அப்புறந்தான் இது.”

“சரி. இது என்ன குத்தம் பண்ணிச்சுன்னு தனி ரூம்ல ஒதுக்கி வச்சிருக்கு?”

“குத்தமா? இது இல்லாம ஏது படகு” என்றவன் பாதியில் நின்றான். ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. அப்படியானால் சூசையைக் கொட்டகைக்கு அனுப்பியிருக்கலாமே என்றான்.

“நேத்து அவனும் பையோடதான் வந்தான். உனக்குக் கடல்காத்தாம், அவனுக்கு மட்டும் பட்டறைப் புழுக்கமாம்.”

இன்னாசிமுத்து தன் பையைப் பார்த்தான். பிறகு, இன்றைக்கு எங்கே நிற்கட்டும் என்று கேட்டான்.

ரெஜினா ரெசின் டிரம்மைப் படகு அச்சின் பக்கம் உருட்டினாள்.

“எனக்கு இந்தப் பக்கம் நில்லு. அந்தப் பக்கம் சூசை நிக்கான்.”