தெருவுக்கு ஊற்றும் கேன்

பால் பண்ணை முதலாளி சங்கிலிப்பாண்டியன் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் பால்கோவா கிண்ட வந்தாள் முத்துப்பேச்சி. பத்து லிட்டர் பால் சுண்டியதும் உருளியில் ஒரு கிலோ கோவாதான் தேறியது. முதலாளி தெருவே கூடும்படி கத்தினார்.

“ரெண்டு கிலோ வரணும்! மிச்சப் பாலை எங்கட்டி கடத்துன, திருடி? இனி எந்த வீட்டுலயும் நீ கரண்டி பிடிக்க முடியாது!”

முத்துப்பேச்சி குரலை உயர்த்தவில்லை.

“மறுபடியும் கிண்டுதேன் மொதலாளி. எல்லாரும் நின்னு பாக்கட்டும்.”

“வீட்டுக் கேனைக் கொண்டாங்கடா!” என்றார் அவர்.

“அது எதுக்கு? எனக்குத் தந்தது தெருவுக்கு ஊத்துற கேன் பாலு. அதையே கொண்டாரச் சொல்லுங்க.”

“அந்தப் பாலு வேண்டாம்.”

“ஏன் மொதலாளி? ரெண்டும் ஒரே மாட்டுப் பாலுதானே?”

கைக்குழந்தையோடு நின்ற எதிர்வீட்டுச் செல்வராணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“கோவாவுக்கே ஆகாதா? எம்பிள்ளைக்கு ஆறு மாசமா அந்தத் தண்ணிப் பாலைத்தானய்யா காச்சிக் குடுக்கேன்! இப்பச் சொல்லும், யாரு திருடுனது?”