ஆடிக் காற்றில் கட்டிப்போட்ட காற்றாடிகள்

மலைக் கணவாய்க்குக் கீழே ஒரு காடு இருந்தது. கணவாயின் வாயிலேயே ஆழமான ஒரு மடு. எந்தக் கோடையிலும் அதில் தண்ணீர் வற்றாது. ஆனால் தண்ணீர் கிடுகிடு பள்ளத்தில் கிடந்தது. எந்த மிருகமும் இறங்கிக் குடிக்க முடியாது.

கட்டையன் என்ற காட்டுப்பன்றி மடுவின் கரையில் எருமைகளைக் கட்டி இழுக்கவைத்துத் தண்ணீர் இறைத்தான்.

“தாகமா? இன்றைக்குப் பொறுக்கியதில் பாதியை இங்கே கொட்டு! அப்புறம் குடி!” என்பான்.

கிழங்கும் பழமும் தேனடையும் அவன் குகையில் மலையாகக் குவிந்தன. தேனடைகளில் நல்லதாகப் பார்த்துக் கரடி அரசனுக்கு அனுப்புவான். அதனால் அரசன் எதையும் கேட்பதில்லை.

ஒரு கோடையில் எருமைகளுக்குத் தள்ளாமை வந்துவிட்டது. இறைத்த தண்ணீர் பாதிக் காட்டுக்குக்கூடப் போதவில்லை. மிருகங்கள் அரசனின் குகை வாசலில் கூடிக் கூச்சல் போட்டன. அரசன் நடுங்கிப்போனான். அமைச்சன் நரி அவன் காதில் ஏதோ சொன்னான். உடனே அரசன் வெளியே வந்து கையை உயர்த்தினான்.

“காட்டு மக்களே! கணவாயில் காற்று வீணாக அடிக்கிறது. மடுக்கரையில் காற்றாடி நட்டுத் தண்ணீர் இறைக்க யார் வேண்டுமானாலும் வரலாம்! எவ்வளவு இறைத்தாலும் மடுவிலிருந்து நம் குளத்துக்குப் போகும் வாய்க்கால் ஏற்றுக்கொள்ளும். வாய்க்காலை நானே அகலப்படுத்தித் தருகிறேன். நான் உள்ளவரை இந்த வாக்கு மாறாது!”

பலா மரத்தின் மேல் உட்கார்ந்து இதைக் கேட்டாள் கொடிச்சி. அவள் கருமந்திக் கூட்டத்தின் தலைவி. நார் முறுக்குவதிலும் மூங்கில் வளைப்பதிலும் கைதேர்ந்தவள்.

“அரசரே சொல்லிவிட்டார். இதற்கு மேல் என்ன வேண்டும்? கிளம்புங்கள்!” என்றாள்.

காய்த்துத் தொங்கிய பலா மரங்களை விட்டுவிட்டு அந்தக் கூட்டம் பொட்டல் கணவாய்க்குக் குடிபோனது. மூங்கிலைச் சுமந்து போய் நட்டார்கள். பனையோலையை விரித்து இறக்கை கட்டினார்கள். கயிறு திரித்துச் சுரைக்குடுக்கைகளைக் கோத்தார்கள். உச்சியில் இறக்கை கட்டும்போது கொடிச்சியின் தம்பி கடுவன் தவறி விழுந்தான். ஒரு கால் முறிந்துவிட்டது.

“அழாதே அக்கா! ஆனி பிறக்கட்டும். இது எப்படிச் சுற்றப்போகிறது பார்!” என்றான் அவன்.

ஆனி பிறந்தது. காற்று பிய்த்துக்கொண்டு வந்தது. காற்றாடிகள் சுற்றின. குடுக்கைகள் இறங்கின, ஏறின, கொட்டின. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக் குளம் தளும்பியது. மானும் முயலும் கரை முழுக்க நின்று குடித்தன. கட்டையனிடம் போக ஆளே இல்லை. அரசனுக்குத் தேனும் போகவில்லை.

பங்குனியில் காற்று ஓய்ந்தது. அது எல்லா வருடமும் ஓய்வதுதான். கட்டையன் அந்த நாளுக்காகவே காத்திருந்தவன்போல் அரசனிடம் ஓடினான்.

“பார்த்தீர்களா அரசே! காற்றாடி நின்றுவிட்டது! காற்றை நம்பிக் காட்டை நடத்த முடியுமா? தேன் வேறு வருவதில்லையே, ஏன் என்று யோசித்தீர்களா?”

அரசன் யோசித்தான். தேன் விஷயத்தை மட்டும் யோசித்தான்.

அடுத்த ஆனியில் காற்று எழுந்த அன்றே நரி அரசனின் காவல் செந்நாய்களோடு மடுக்கரைக்கு வந்தான்.

“எல்லாக் காற்றாடிகளையும் கட்டிப்போடு! அரசாணை!” என்றான்.

கொடிச்சிக்குப் புரியவில்லை. “இப்போதுதானே காற்று அடிக்கிறது அமைச்சரே! இப்போது கட்டினால் எப்போது சுற்றுவது?”

“நீ இறைக்கும் தண்ணீரை வாய்க்கால் தாங்காது.”

“அகலப்படுத்தித் தருகிறேன் என்று யார் சொன்னது?”

“அது ஆலோசனையில் இருக்கிறது.”

“ஒரு கூடை மண்கூட வெட்டவில்லையே!”

“ஆலோசனை முடிந்ததும் வெட்டுவோம். கட்டு!”

செந்நாய்கள் இறக்கைகளைக் கொடியால் வரிந்து கட்டின. காற்று ஊளையிட்டது. காற்றாடிகள் முறுகி முறுகி முனகின. கட்டையன் தன் எருமைகளை மறுபடியும் மடுக்கரைக்கு ஓட்டி வந்தான். பாதிக் காடு அவன் முன் கையேந்தி நின்றது. மீதிப் பாதியிடம் கொடுக்க ஒன்றுமில்லை.

ஆடி மாதம் மருளி என்ற பெண்மான் தன் குட்டியைத் தலையால் தள்ளிக்கொண்டே வந்தாள். காற்றாடியின் காலடியில் குட்டி சரிந்து விழுந்தது. அதன் நாக்கு வெளியே தொங்கியது.

“ஒரு குடுக்கை போதும் கொடிச்சியக்கா! ஒரே ஒரு குடுக்கை! என்னிடம் கட்டையனுக்குக் கொடுக்க ஒரு கிழங்குகூட இல்லை!”

கொடிச்சி கம்பத்தில் பாய்ந்து ஏறினாள். கட்டுகளைப் பல்லால் கடித்து அறுத்தாள். இறக்கை சட்டென்று சுழன்றது. குடுக்கைகள் மடுவுக்குள் இறங்கின. முதல் குடுக்கை பாதிப் பள்ளம் ஏறி வருவதற்குள் செந்நாய்கள் வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டன.

“விடுங்கடா! குட்டி சாகிறது!” என்று கத்தினாள் கொடிச்சி.

“எங்களுக்கு ஆணை இல்லை!” என்றன செந்நாய்கள்.

ஆணைக்கு ஆள் போய் வருவதற்குள் குட்டி இறந்துவிட்டது. மருளி அழவில்லை. குட்டியின் காய்ந்த நாக்கை நக்கிக்கொண்டே நின்றாள். அதைப் பார்த்ததும் கொடிச்சிக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது. நேரே அரசனின் குகைக்குப் போனாள்.

அரசன் தேனடை தின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் நரி நின்றான்.

“அரசே! உங்கள் வாக்கு எங்கே?” என்று கேட்டாள் கொடிச்சி.

அரசன் விரலை நக்கினான். “எந்த வாக்கு?”

“அது பழைய கொள்கை அரசே. இப்போது புதிய கொள்கை வந்துவிட்டது” என்றான் நரி.

“தாகம் பழைய தாகம்தானே!” என்று சீறினாள் கொடிச்சி.

“கோபப்படாதே கொடிச்சி. உங்கள் உழைப்பை மதிக்கிறோம். இந்த மலையிலேயே காற்றாடி அதிகம் உள்ள காடு நம்முடையதுதான். பக்கத்துக் காட்டு அரசர்களை அழைத்து வந்து காட்டினோமே! எப்படி வாயைப் பிளந்தார்கள் தெரியுமா?” என்றான் அரசன்.

“கட்டியிருக்கும்போதா காட்டினீர்கள்?”

நரி பெருமையோடு சொன்னான்: “சேச்சே! அவர்கள் வந்த அன்று மட்டும், நீங்கள் நார் வெட்டப் போயிருந்தபோது, அவிழ்த்துவிட்டோம்.”

கொடிச்சி ஒரு அடி முன்னால் வந்தாள். “ஊருக்குப் பெருமை காட்ட அவிழ்க்க முடிந்த கட்டை, ஒரு குட்டியின் உயிருக்காக அவிழ்க்க முடியவில்லையா! தூ! நீயும் ஒரு அரசனா!”

பதிலுக்குக் காத்திராமல் அவள் திரும்பி நடந்தாள். அன்றே காற்றாடிகளைக் கழற்றத் தொடங்கினாள். கடுவன் நொண்டிக்கொண்டே வந்து கைகொடுத்தான்.

“அரசுச் சொத்து! தொடாதே!” என்று ஓடிவந்தான் நரி.

“இதை நட்டபோது கால் முறிந்தது உனக்கா, எனக்கா?” என்று கடுவன் கம்பை ஓங்கினான். நரி பின்வாங்கினான். இத்தனை நாள் காற்றாடிகளைக் கட்டிப்போட்ட செந்நாய்களும் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கின.

மந்திகள் மலை தாண்டிப் போயின. மருளியும் மான் கூட்டமும் பின்னாலேயே போயின. முயல்களும் கிளம்பின. அந்தப் பக்கத்துக் காட்டுக்கு ஒரு பெண்யானை தலைவி. அவள் முதலில் அங்கிருந்த மடுவிலிருந்து வாய்க்காலை வெட்டி முடித்தாள். பிறகுதான், “வந்து நடுங்கள்” என்றாள். அவள் வேறு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. காற்றாடிகள் அங்கே ஆனியிலும் ஆடியிலும் ஓயாமல் சுற்றின.

கரடியின் காட்டில் கட்டையனுக்குக் கிழங்கு கொண்டுவர யாரும் இல்லை. எருமைகளுக்குத் தீனி குறைந்தது. ஒரு நாள் படுத்தவை எழவே இல்லை. கட்டையன் குகையில் மிச்சமிருந்ததை வாரிக்கொண்டு முதல் ஆளாக ஓடிப்போனான். குளம் சேறானது. அரசன் சேற்றை நக்கினான்.

நரி மூச்சிரைக்க மலை தாண்டி வந்தான். கொடிச்சி ஒரு காற்றாடிக்குப் புதிய ஓலை கட்டிக்கொண்டிருந்தாள்.

“கொடிச்சியம்மா! நல்ல செய்தி! அரசர் முன்பைவிடப் பெரிய சலுகை அறிவித்திருக்கிறார்! நூறு வருடத்துக்கு வாக்குக் கொடுக்கிறார்!”

கொடிச்சி கீழே இறங்கவில்லை. “தாகமாக இருந்தால் வாய்க்காலில் குடித்துவிட்டுப் போ. உனக்கும் தண்ணீர் தருவோம். உன் அரசனுக்கு ஒரு ஓலைகூடத் தரமாட்டோம்!”

“காற்றாடி நட்டுத் தரச் சொல்லி அணிலைக் கேட்டேன், நீர்நாயைக் கேட்டேன், எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். காற்று அங்கே சும்மா அடிக்கிறதம்மா!”

“அடிக்கட்டும்!” என்றாள் கொடிச்சி.

ஆளுகிறவன் தன் வாக்கை நினைத்தபோதெல்லாம் மாற்றினால், காற்று கூப்பிடாமலே வந்தாலும், அந்த வாக்கை நம்பி உழைக்க ஒருவரும் வரமாட்டார்கள்.