கருங்கண்ணாடியும் திருநந்தி அடிகளும்

முன்னொரு காலத்திலே, ஏழு மலைக்கும் அந்தப் பக்கம், நீலவனம் என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்ட வச்சிரமாறனிடம் மந்திரவாதி ஒருவன் கொடுத்த கருங்கண்ணாடி இருந்தது. அரசனை எதிர்த்துப் பேசியவரை அதன் முன்னால் நிறுத்துவார்கள். சில்லென்று ஒரு காற்று வீசும். ஆள் உள்ளே போய்விடுவார். வெளியே செருப்பு மட்டும் கிடக்கும்.

"போனவர்கள் பெயரைச் சொன்னால் உங்களுக்கும் அதே கதி!" என்று தண்டோரா போட்டார்கள். பெற்ற தாய்கூட வாயைத் திறக்கவில்லை.

அரண்மனை இருந்த ஊரின் மடத்துக்குத் தலைவர் திருநந்தி அடிகள். பயந்த சுபாவம் உள்ளவர். ஒருநாள் மாலைப் பூசையில் பூக்காரி வடிவாள் கைகூப்பி நின்றாள். அவள் மகளும் கண்ணாடிக்குள் போனவள்தான். மகள் பெயரைச் சொல்லி வேண்டக்கூட முடியாமல் அவள் உதடு துடிப்பதை அடிகள் பார்த்தார். அவருக்குத் தாங்கவில்லை.

"மருதி! உன்னை நாங்கள் மறக்கவில்லை, அம்மா!" என்று உரக்கச் சொன்னார்.

அரண்மனையில், கண்ணாடியை உள்ளிருந்து யாரோ தட்டினார்கள். டொக்.

மறுநாள் இன்னொரு பெயர். டொக், டொக். அதற்கு மறுநாள் இன்னும் சில பெயர்கள். அரசனுக்குச் சோறு இறங்கவில்லை.

"மடத்துக் கோயிலுக்குப் பொற்கூரை போடுகிறேன், பெயர் சொல்லாதீர்" என்று ஆளனுப்பினான்.

"வேண்டாம்" என்றார் அடிகள்.

"மடத்தை இடிப்பேன்!"

"மரத்தடியில் பூசை செய்வேன்."

மூன்றாவது முறை, கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அரசனே வந்தான். "நிறுத்துகிறீரா, மாட்டீரா?"

அடிகள் கண்ணாடியின் பக்கம் திரும்பினார். "உள்ளே அவர்கள் கூப்பிடுவது எனக்குக் கேட்கிறது, அரசே. கேட்காதமாதிரி இருக்க எனக்கு வரவில்லை."

சில்லென்று ஒரு காற்று. அடிகளைக் காணோம்.

"இனி யார் சொல்வீர்கள்?" என்று கூடியிருந்த ஜனங்களைப் பார்த்து அரசன் சிரித்தான்.

"திருநந்தி அடிகளே!" வடிவாள்தான் கத்தினாள். "மருதி! என் தங்கமே!"

கண்ணாடிக்குள் வெளுத்த உள்ளங்கை ஒன்று வந்து ஒட்டியது. வேறொருவர் தன் அண்ணனைக் கூப்பிட்டார். இன்னொரு கை. பிறகு ஊரே கூப்பிட்டது, காவல்காரர்களும் கூப்பிட்டார்கள். கண்ணாடி முழுக்கக் கைகள். படார்! கண்ணாடி பிளந்தது.

ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள், பனிக்கட்டிபோல் குளிர்ந்த உடம்போடு. நடக்கமுடியாத கிழவர் ஒருவரைத் தாங்கிக்கொண்டு அடிகள் கடைசியாக வந்தார். வச்சிரமாறன் காவலரைக் கூவி அழைத்தான். ஒருவரும் திரும்பவில்லை. காட்டுக்குள் ஓடியவன் ஓடியவன்தான்.

"நீங்களே முடிசூடிக்கொள்ளுங்கள், சாமி!" என்றார்கள் ஜனங்கள்.

"அதைப் பிறகு பேசலாம். பிள்ளைகள் குளிரில் நடுங்குகிறார்கள். முதலில் அடுப்பை மூட்டுங்கள்" என்றார் அடிகள்.

மருதியின் கன்னத்தில் சூடு வரும்வரை வடிவாள் கையை எடுக்கவில்லை. அந்த நாட்டில் அப்புறம் யாரும் காணாமல் போகவில்லை. கேட்ட நீங்களும் உங்கள் பிள்ளைகுட்டிகளும் சுகமாக இருங்கள்.